திண்டுக்கல்லில் இருந்து வந்த உறைபனி எச்சரிக்கை

எங்கள் தெருவில் அன்றிரவு உறைபனி விழும் என்ற செய்தி எனக்குத் திண்டுக்கல்லில் இருந்து வந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை, காலை ஏழரை மணி. நியூ ஜெர்ஸியின் வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் பாதி இலையோடு நின்றது. காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் மலர்விழி அழைத்தாள். "அண்ணே, இன்னைக்கு ராத்திரி முப்பத்தொண்ணு போடுது. ஃப்ராஸ்ட் வார்னிங் வந்துருச்சு. செடியெல்லாம் உள்ள எடுத்துட்டீங்களா?" நான் அதுவரை வானிலையைப் பார்த்திருக்கவில்லை. அவளுக்கு அங்கே மாலை ஐந்து மணி. பின்னால் அவளுடைய அப்பாவின் குரல் கேட்டது. "முப்பத்தொண்ணுக்கா இந்தப் பாடு? இங்க முப்பத்திரெண்டு. ஃபேனக் கூடப் போடாம உக்காந்திருக்கேன்." மலர் திரும்பி, "அப்பா, அது ஃபாரன்ஹீட்டுப்பா. அந்த ஊரு டிகிரி. தண்ணி ஐஸாயிரும்" என்றாள். அவர் விடவில்லை. "ஆகட்டுமே. அதுக்கு நீ ஏன் இங்க நடுங்குற?"

மலரும் அவள் கணவன் செந்திலும் எங்கள் எதிர்வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருப்பவர்கள். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பழைய தெரு இது. வீடுகள் தாழ்வாக, மாடி இல்லாமல் ஒரே தளத்தில் இருக்கும். ஆகஸ்டில் அவள் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று மூன்று வாரப் பயணமாகக் கிளம்பினார்கள். போன கையோடு அமெரிக்கத் தூதரகத்தில் புது விசா முத்திரையும் வாங்கிவிடலாம் என்பது செந்திலின் திட்டம். செப்டம்பரில் கிடைத்த நேர்காணல் தேதி டிசம்பருக்குத் தள்ளிப்போனது, பிறகு மார்ச்சுக்கு. செந்தில் அங்கிருந்தபடியே இங்குள்ள நேரத்துக்கு வேலை செய்கிறான். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் யாழினியைத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். மார்ச்சில் முத்திரை விழுந்தால் திரும்பி வருவார்கள். விழாவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. கூடவே பின்கட்டில் ஐந்து தொட்டிகள்: கறிவேப்பிலை ஒன்று, மல்லிகை இரண்டு, வெற்றிலைக் கொடி ஒன்று, பெரிய பெயின்ட் வாளியில் ஒரு முருங்கை. முருங்கை யாழினியுடையது. கிண்டர்கார்ட்டனில் படிக்கும்போது தயிர் டப்பாவில் அவள் விதை போட்டு முளைத்தது. நான்கு குளிர்காலம் அவர்கள் வீட்டுக் கண்ணாடிக் கதவோரம் இலை உதிர்த்து நின்று, நான்கு கோடை வெளியே தழைத்து, இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். மூன்று வாரம் என்பது ஏழு மாதம் என்று தெரிந்த அன்று மலர் என்னிடம் ஒன்று கேட்டாள். "ஏதாச்சும் ஒரு செடி செத்துப்போச்சுன்னா மறைக்காதீங்கண்ணே. எல்லாரும் எனக்கு நல்லதாவே சொல்றாங்க. வக்கீலும் ஒண்ணும் கவலையில்லங்கறாரு, அப்பாவோட டாக்டரும் ஒண்ணும் கவலையில்லங்கறாரு. நீங்க பேப்பர்ல இருந்தவரு. நீங்களாச்சும் உள்ளதைச் சொல்லுங்க." சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் உதவி ஆசிரியனாக இருந்தேன். மனைவி உமாவுக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பதினான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஒரு நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிறேன். செடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துத் தெரிந்ததுதான். மதுரையில் ஐப்பசி பிறந்துவிட்டால் நடுகிற காலம். மழை இறங்கும், எந்தக் குச்சியை மண்ணில் செருகினாலும் துளிர்க்கும். அதே வாரத்தில் இங்கே எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும். தோட்டத்து ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே தேங்கியதை வடித்துச் சுருட்டி வைக்க வேண்டும். வெளிக்குழாய்க்குப் போகும் தண்ணீரை வீட்டுக்குள்ளேயே அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். இலைகளை வாரித் தெருவோரம் குவித்தால் டவுன்ஷிப் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். முதல் வருடம் இது எனக்கு ஒரு வீட்டைக் காலி செய்வது போல இருந்தது. இப்போது பழகிவிட்டது. இந்த ஆண்டு இரண்டு வீட்டுக்குச் செய்தேன்.

அந்தப் புதன்கிழமை மாலைக்குள் நான்கு தொட்டிகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். குப்பைத் தொட்டி தள்ளும் சக்கர வண்டிதான் வாகனம். மேல்மண்ணைச் சுரண்டி எறும்புப் புற்றைக் களைந்தேன். ஒவ்வொரு இலையின் அடிப்புறத்தையும் சோப்புத் தண்ணீரில் துடைத்து வேப்பெண்ணெய் தெளித்தேன். அப்படிச் செய்யாமல் உள்ளே எடுத்தால் ஹீட்டரின் கதகதப்பில் பூச்சிகள் பத்து நாளில் குடும்பம் பெருக்கிவிடும். கறிவேப்பிலையில் ஒட்டியிருந்த செதில் பூச்சிகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது உமா கதவில் சாய்ந்து பார்த்தாள். "நம்ம வீட்டுச் செடிய ஒரு நாளாச்சும் இப்படிக் குளிப்பாட்டிருக்கீங்களா?" என்றாள். அது வேறொருவர் ஒப்படைத்த பொருள் என்றேன். "அப்ப என்னையும் யாராச்சும் உங்ககிட்ட ஒப்படைச்சிருக்கணும். எங்கப்பா சும்மா கட்டிக்குடுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனாள்.

முருங்கை மட்டும் வாசலில் நுழையவில்லை. சாய்த்தால் கிளை முறியும். மூன்றடிக்கு வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வெட்டுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. மதுரையில் எங்கள் காலனியில் ஒவ்வொரு வருடமும் மின்வாரியத்து ஆட்கள் வந்து, கம்பியில் உரசுகிறது என்று எங்கள் முருங்கையை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். அம்மா அவர்களைத் திட்டி முடித்ததும் பால்காரரிடம் ஒரு உருண்டைச் சாணி வாங்கி, வெட்டிய முனையில் தொப்பி போல அப்புவாள். வெயிலில் இரண்டே நாளில் அது காய்ந்து ஓடாகிவிடும். ஆறாவது வாரம் அதன் கீழிருந்து நாலாபக்கமும் துளிர் கிளம்பும். முருங்கையை வெட்டினால் சாணி அப்ப வேண்டும் என்பது எனக்குத் தாகத்துக்குத் தண்ணீர் போல. யாரும் சொல்லித் தந்ததில்லை, யோசித்ததும் இல்லை.

தோட்டக் கடையில் புதுச் சாணி இருக்கிறதா என்று கேட்டேன். கடைப் பையன் எத்தனை ஏக்கருக்கு என்றான். ஒரு கைப்பிடி போதும் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், நான் எதையோ உடைத்துவிட்டு ஒட்டவைக்க வந்திருப்பது போல இருந்தது. மக்கவைத்துப் பொடித்த மாட்டெரு மூட்டையில்தான் இருந்தது, வாசனைகூட இல்லாமல். அதைத் தண்ணீர் விட்டுக் கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைந்து, ஒட்டவில்லை என்பதால் கொஞ்சம் களிமண்ணும் சேர்த்து, வெட்டிய முனையில் அப்பினேன். உருவிய கீரையில் உமா அடை வார்த்தாள். படம் எடுத்து அனுப்பினோம். மலர் நான்கு சிரிப்பு முகங்களைப் பதிலாக அனுப்பினாள். தொப்பி காயட்டும் என்று வாளியை அவர்கள் வீட்டுத் தெற்குச் சுவரோரம், தெரு பார்க்கும் பக்கத்தில் வைத்தேன். வெயில் அங்கேதான் விழும். இரவில் பழைய வெள்ளைப் போர்வையால் மூடினேன்.

அது வீட்டு வாசல்தோறும் பேய் பொம்மை வைக்கும் ஹாலோவீன் வாரம். நாயுடன் நடந்துபோன ஒரு பெண்மணி நின்று, பேய் மிக நன்றாக வந்திருக்கிறது, எளிமையாக இருப்பதே அழகு என்று பாராட்டினார். முருங்கை மரத்தில் வேதாளம் இருப்பது எங்கள் ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் புன்னகையுடன் கேட்டுவிட்டு, வேறு என்னென்ன அலங்காரம் செய்யப்போகிறேன் என்றார்.

தொப்பி காயவில்லை. நவம்பர் வெயில் பார்க்கத்தான் வெயில். இரண்டு நாள் மழை பெய்தது, அதன்பின் அடுத்தடுத்து மூன்று இரவு உறைந்தது. இரண்டாம் வாரம் ஒரு காலை போர்வையை எடுத்தபோது தொப்பி ஈரத்தில் கனத்துக் கல்லாகியிருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழற்றினேன். கீழே தண்டின் முனை கறுத்து, விரலால் அழுத்தினால் அழுகிய வாழைப்பழம் போல உள்ளே போனது. பட்டையின் கறுப்பு நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. மதுரையில் புண்ணை உலர்த்திய அதே மருந்து இங்கே ஈரத்தைப் பிடித்துவைத்துப் புண்ணை அழுக விட்டிருந்தது. செய்தது நான்தான். வாளியை அவர்கள் கராஜுக்குள், செந்திலின் காருக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தேன்.

அன்று இரவு மலர் கூப்பிட்டாள். கறிவேப்பிலை, மல்லிகை என்று வரிசையாக விசாரித்துவிட்டு, "முருங்கை?" என்றாள். "இருக்கு" என்றேன்.

பதினோரு வருடம் நான் செய்த வேலையில் பாதி, இப்படிப்பட்ட வாக்கியங்களைப் பிடிப்பதுதான். பொய் கிடையாது, ஆனால் கேட்டவருக்குச் சேர வேண்டியது அதில் இருக்காது. அமைச்சர் நலமாக இருக்கிறார் என்று மருத்துவமனை எழுதிக்கொடுத்தால், எழுந்து உட்கார்ந்தாரா என்று திருப்பிக் கேட்கச் சொல்லி நிருபரை அனுப்பிய ஆள் நான். ஆறாம் பக்கத்தின் அடியில் 'திருத்தம்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதை எழுதுவதும் நான்தான். யாருடைய தவறு என்று எழுதக்கூடாது, எது சரி என்று மட்டும் எழுத வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு வசதியானது என்று ஒன்பது நாள் கழித்துத்தான் புரிந்தது. ஒன்பது நாள் நான் மலருக்கு எதையும் சொல்லவில்லை. தினமும் காலையில் டார்ச்சுடன் போய்க் கறுப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். முதல் நாள் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி அது இறங்கிக்கொண்டே வந்தது.

பக்கத்து வீட்டு டோனாவுக்கு என் வயதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. அவருடைய தாத்தா இத்தாலியில் இருந்து வந்தவர். பின்தோட்டத்தில் அவர் அப்பா வைத்துவிட்டுப் போன ஒரு அத்திமரம் உண்டு. குளிரில் பட்டுப்போகாமல் இருக்க ஒவ்வொரு நவம்பரிலும் டோனா அதைப் புதைத்து, வசந்தத்தில் மீண்டும் நிமிர்த்துகிறார். வேலி வழியாகப் பல வருடம் பார்த்திருந்தாலும் இந்த முறை கைகொடுக்கக் கூப்பிட்டார். கிளைகளை எல்லாம் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். ஒரு பக்கத்து வேர்களை மண்வெட்டியால் அறுத்துவிட்டு, மரத்தை மறுபக்கம் மெதுவாகச் சாய்த்தோம். ஆளுயர நீளத்தில் வெட்டியிருந்த பள்ளத்தில் அது படுத்தது. மேலே சருகு, அதன்மேல் பலகை, அதன்மேல் மண், கடைசியில் தார்ப்பாய். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த டோனா, வருடா வருடம் இதுதான் கடைசி என்று சபதம் எடுப்பதாகவும், தனக்கு அத்திப்பழம் பிடிக்கவே பிடிக்காது என்றும் சொன்னார். பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "இது சாகிறதென்றால் சாகட்டும். நான் செய்யாமல் விட்டதால் சாகக்கூடாது" என்றார்.

அவரைக் கராஜுக்கு அழைத்துப் போய் முருங்கையைக் காட்டினேன். என்ன தடவினாய் என்றார். மாட்டுச் சாணம் என்றேன். மிகுந்த மரியாதையுடன், இது உங்கள் மதச் சடங்கா என்று கேட்டார். இல்லை, வைத்தியம் என்றேன்.  பிறகு பேருந்து ஓட்டுநரின் குரலில் வரிசையாகச் சொன்னார்: கெட்டி மரம் வரும்வரை வெட்டு. மெழுகால் அடை. வெளிச்சம் வேண்டாம், வசந்தம் வரை தூங்கட்டும். தண்ணீர் மாதம் ஒரு கோப்பை, அதற்கு மேல் ஊற்றாதே. போகும்போது தன் கைரம்பத்தை விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கையில் ரம்பத்துடன் மலரைக் கூப்பிட்டேன். கராஜில் நாற்காலி ஒன்றில் போனைச் சாய்த்து வைத்து, வாளி தெரியும்படி திருப்பினேன். அங்கே மாலை ஆறரை. நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னேன். சாணி அப்பியது, வெளியே வைத்தது, கறுத்தது, ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தது.  அவள் திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"சாணியா வச்சீங்க?" என்றாள்.

"ஆமா."

"நானும் அதத்தான்ணே வச்சிருப்பேன்." பிறகு குரல் மாறியது. "ஆனா சொல்லாம இருந்தீங்க பாத்தீங்களா, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. இருக்குன்னு சொன்னீங்க. நான் யாழினிகிட்ட அப்படியே சொன்னேன்."

தப்புதான் என்றேன்.  "சரி, வெட்டுங்க. நான் பாக்குறேன்" என்றாள்.

இரண்டே கால் அடியில் முதல் வெட்டு. உள்ளே பழுப்பு, நடுவில் கறுப்புப் புள்ளி. ரம்பத்தைத் துடைத்துவிட்டு ஒரு சாண் கீழே வெட்டினேன். ஓரம் வெளுத்திருந்தது, நடுவில் இன்னும் பழுப்பு. இனி மிச்சம் ஒன்றரை அடிதான். இன்னும் கீழே போகவா என்று கேட்டேன். "போங்க. பாதி நல்லதா வச்சு என்ன பண்ண?" என்றாள். மூன்றாவது வெட்டு வாளியின் விளிம்புக்கு ஒரு அடி மேலே. துண்டு கீழே விழுந்தது. முனையைச் சட்டையால் துடைத்து டார்ச் அடித்தேன். வெள்ளரிக்காய் நிறத்தில், கெட்டியாக, ஈரத்துடன் இருந்தது. உறுதி செய்துகொள்ளப் பட்டையை நகத்தால் ஒரு இடத்தில் கீறினேன். கீழே பச்சை. போனை அருகில் கொண்டுபோய்க் காட்டினேன். மலர் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். "பச்சதான்" என்றாள், எனக்குச் சான்று கொடுப்பவள் போல.

மெழுகு எங்கள் வீட்டில் இல்லை. அவர்கள் சமையலறை இழுப்பறையில் பார்க்கச் சொன்னாள். அங்கே இருந்தது ஒன்றே ஒன்று, எட்டு என்ற எண் வடிவில், திரி கருகிய பிறந்தநாள் மெழுகுவர்த்தி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது திரையில் யாழினி வந்தாள். தமிழ் அவளுக்குப் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். திண்டுக்கல்லுக்குப் போயும் அது மாறவில்லை. உன் மெழுகுவர்த்தியை உருக்கலாமா என்று கேட்டேன். "இட்ஸ் ஓகே அங்கிள். ஐ ஆம் நைன் நவ்" என்றாள். உருக்கி ஊற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரம் இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்டாள். டேப் வைத்து அளந்து, வாளி விளிம்பில் இருந்து பன்னிரண்டு அங்குலம் என்றேன். அவள் அதை எங்கோ எழுதிக்கொண்டாள். வந்ததும் திரும்ப அளக்கப் போகிறாளாம். மலர் அப்போது எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

அதன்பின் மீதி வேலைகளை முடித்தேன். வாளியைச் சுற்றி உமாவின் பழைய ரஜாய்ப் போர்வையைக் கட்டினேன். காரின் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். வீட்டுக்குள் ஹீட்டரை ஐம்பத்தைந்தில் நிறுத்தினேன். ஆளில்லாத வீட்டுக்கு அது போதும், குழாய்கள் உறையாது. யாழினியின் அறையில் ஜன்னல் இடுக்கில் காற்று வந்தது, டேப் ஒட்டினேன். கராஜில் ஒரு வெப்பமானியை மாட்டினேன். ஞாயிறுதோறும் காலையில் போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி மலருக்குச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். நல்லதா கெட்டதா என்ற அபிப்பிராயம் எல்லாம் கிடையாது. எண்ணும் நிறமும் மட்டும். மெழுகின் அடியில் மீண்டும் கறுப்பு இறங்கினால் அதையும் சொல்வேன், அடுத்த வெட்டையும் போடுவேன். வேர் இருக்கும்வரை வெட்ட இடம் இருக்கிறது.

டிசம்பர் முதல் ஞாயிறு, ஏழு மணி. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து காலடியில் நொறுங்கியது. கராஜின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய் மலரை அழைத்தேன். அங்கே மழை விட்ட மாலை வெயில். அவள் முற்றத்தில் நின்றாள். தலைக்குப் பின்னால் ஒரு முருங்கை, பூவும் பிஞ்சுமாக, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வாளியைக் காட்டினேன். மெழுகு வெடிக்கவில்லை, கறுப்பு இல்லை, கீறிய இடம் பச்சை என்றேன். எத்தனை டிகிரி என்று கேட்டாள். "கராஜ்ல நாப்பத்தஞ்சு."

அப்பா அருகில்தான் இருந்திருக்கிறார். "நாப்பத்தஞ்சா? செடி வெந்து போகுமேம்மா. வெளிய எடுத்து வைக்கச் சொல்லு."

"இல்லப்பா, அது எங்க ஊரு டிகிரி" என்றாள் மலர்.

 ஓர் இலைக்கொத்து காற்றில் ஆடி, சொட்டு ஒன்று அவள் போன் திரையில் விழுந்தது. அவள் அதைத் துடைத்தாள். அவ்வளவு நேரமும் திண்டுக்கல் வெயில் என் கைப்போனிலிருந்து வழிந்து, இருட்டில் நிற்கும் அந்த ஓரடிக் கட்டையின் மேல் விழுந்துகொண்டிருந்ததைக் கவனித்தேன். மார்ச் வரை அதற்கு வெளிச்சம் ஆகாது. அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன் என்று சொல்லி அணைத்துவிட்டு, தடவிக்கொண்டே வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.